தனியாக நின்ற புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குப் 'பெரும்புள்ளி' என்று பெயர் வைத்தவர் கணக்குப் பிரிவுக்காரர். எந்நேரமும் உலகப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று கேட்டார். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அவள் வைத்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். திறந்த மூல மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம். அதை எழுதுகிறவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் அந்தப் படம். சிலர் தங்கள் ஊரைத் தாங்களே குறிப்பிட்டிருப்பார்கள். பலர் வாயே திறப்பதில்லை. 'நிலாவில்' என்று எழுதி வைத்த குறும்புக்காரர்களும் உண்டு. அவர்களையும் பிடிக்க அவள் ஒரு வழி கண்டிருந்தாள். வேலைக்கு நடுவே அவர்கள் பொதுவில் பேசிக்கொள்வதையெல்லாம் அவளுடைய கணினி நிரல் படிக்கும். 'இங்கே ஆறு பெருகிவிட்டது, இணையம் இல்லை, திங்கட்கிழமை பார்க்கிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த வாரம் எந்தெந்த ஊரில் ஆறு பெருகியது என்று செய்திகளில் தேடும். புயல், மின்வெட்டு, உடைந்த பாலம், எல்லாமே அதற்குத் துப்பு. துப்புகள் ஒத்துப்போனால் புள்ளி விழும்.

இயக்குநர் இதைக் கேட்டதும், "நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவம்மா" என்றார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

படம் வெளியான நாளில் காலையிலிருந்தே பாராட்டு மழை. மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மேஜைத் தொலைபேசி அடித்தது.

"அந்தப் புள்ளி படம் போட்டது நீங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, சொல்லுங்க."

"அக்கா, அதுல நான் இருக்கேன். தயவுசெஞ்சு என்னை எடுத்துடுங்க."

"பேரு எதுவுமே போடலையேம்மா. புள்ளியைத் தொட்டா எந்த மென்பொருள்ல வேலை செய்யறாங்கன்னு மட்டும்தான் வரும்."

"அதை எழுதறது மொத்தமே ரெண்டு பேர்தான்க்கா. நானும் ஒரு பெரியவரும் ஆரம்பிச்சது. அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கார், அது எல்லாருக்கும் தெரியும். அப்ப மிச்சம் யாரு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தாள். "யாருக்குத் தெரியக் கூடாது?"

"எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்கும் இதே தொழில்தான். நான் பொண்ணைத் தூக்கிட்டு ஓடிவந்துட்டேன். பேரை மாத்தியாச்சு, வேலையை மாத்தியாச்சு. இது ஒண்ணை மட்டும் விட முடியல, கைப்பழக்கம். போன தடவை அவர் கண்டுபிடிச்சப்ப என் கையைப் பிடிச்சு..." குரல் நின்று மறுபடி வந்தது. "சின்ன ஊர்தான்க்கா. பஸ் ஸ்டாண்டுல ஒருநாள் நின்னாப் போதும், என்னைப் பார்த்துடலாம்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"எழுதிக் குடுத்திருக்கேன். அந்தக் காகிதமா வந்து குறுக்க நிக்கும்?"

படத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் ஆள் அரவமே இல்லாத பச்சை. நடுவில் ஒற்றைப் புள்ளி. காலையில் இயக்குநரிடம் பெருமையாகத் தொட்டுக் காட்டிய புள்ளி அது. ஆற்று வெள்ளத்தை வைத்து ஊகித்ததில் இதுதான் கனகச்சிதம் என்று சொல்லியிருந்தாள்.

"இப்பவே எடுத்துடறேன்மா. நீயும் அங்க இருக்காத."

"பொண்ணு ஸ்கூல்ல இருக்காளே" என்றது அந்தக் குரல். தொடர்பு அறுந்தது.

அவள் சொன்னதை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் ஆறப்போட்டுச் சாப்பிடுகிற சுபாவம். "ஒரு புள்ளிதானே, எடுத்துடு. விஷயம் முடிஞ்சது."

"அது ஒண்ணை மட்டும் எடுத்தா, காலையில பார்த்தவனுக்கு நாமளே விரல் நீட்டிக் காட்டின மாதிரி ஆயிடும் சார். மொத்தப் படத்தையும் இணையத்துலேர்ந்து இறக்கணும்."

"விளையாடறியா? பத்திரிகைக்காரங்க இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில கூட்டம் போட்டுப் பேசுவோம்."

நாளைக் காலை! அவள் தன் இருக்கைக்கு வந்தாள். பிறகு யாரையும் கேட்காமல் படத்தை இறக்கினாள். 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. அந்தப் பெண் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டாள். தையல் கடைக்கார அம்மா எடுத்தார். "அவளா? ஸ்கூலுக்கு ஓடினா. என்ன ஏதுன்னு சொல்லவே இல்ல."

ரிசீவரை வைத்த கையோடு மணி மறுபடி அடித்தது.

"வணக்கம் மேடம். உங்க படம் பிரமாதம்." ஆண் குரல். தேன் தடவினாற்போல மரியாதை. "ஒரு ஆராய்ச்சிக்காகப் பார்த்துட்டு இருந்தேன், திடீர்னு காணோமே?"

"பராமரிப்புங்க."

"பரவால்ல, படத்தோட நீங்க போட்டிருந்த தகவல் கோப்பை அப்பவே எடுத்து வச்சுட்டேன். ஒரே ஒரு சந்தேகம். ஒரு பள்ளத்தாக்குல தனியா ஒரு புள்ளி இருக்கே, அது எவ்வளவு உறுதி?"

கேட்பவன் யாரோ அப்பாவி மாணவனாகவும் இருக்கலாம். அவனாகவும் இருக்கலாம். படத்தை இறக்கி என்ன புண்ணியம், கோப்பு அங்கே போய்விட்டதே!

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. "அட, நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்களா! மானம் போகுதுங்க. அந்த வெள்ளத்தை வச்சு ஊகிக்கிற முறையே சொதப்பல். ஆறு பெருகாத ஊர் உலகத்துல எங்கங்க இருக்கு? இஷ்டத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கு. அதனாலதான் படத்தையே இறக்கினோம்."

"தப்புன்னு எங்கயும் போடலையே மேடம்?"

"எழுதிட்டே இருக்கேன். கொஞ்ச நேரத்துல பாருங்க."

"பார்க்கறேன்" என்றான் அவன். அந்த ஒரு சொல்லில் தேன் இல்லை.

இனி எழுதித்தானே ஆக வேண்டும்! அந்த முறையை அவள் எத்தனையோ விதமாகச் சோதித்துப் பார்த்திருந்தாள். அது தப்பு செய்வது அபூர்வம். தான் பெற்ற பிள்ளையை உதவாக்கரை என்று ஊர் நடுவே சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் எழுதினாள்: 'ஆறு, புயல், மின்வெட்டு முதலியவற்றைக் கொண்டு ஊகித்த இடங்கள் நம்பத்தக்கவை அல்ல. யாரும் பயன்படுத்த வேண்டாம். பிழைக்கு நானே பொறுப்பு.' கீழே தன் முழுப் பெயரைப் போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

இயக்குநர் நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தார். "உன் மூக்கை நீ அறுத்துக்க, வேண்டாம்னு சொல்லல. என் மூக்கையும் சேர்த்து அறுத்துட்டியே!"

"சார், அவன் போன் பண்ணினான்."

"அவன்தான்னு தெரியுமா?"

"தெரியாது."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த அறிவிப்பை அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு முள்ளின் மேல் கழிந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன், "சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடு, போனைப் பார்த்துச் சாப்பிடாதே" என்றான். விஷயம் முழுவதையும் கேட்ட பிறகு அவனும் போனைப் பார்க்க ஆரம்பித்தான். தையல் கடை எண்ணை யாரும் எடுக்கவே இல்லை. இணையத்தில் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார்களே, இந்த அம்மா ஆற்றையே அளக்காமல் போட்டுவிட்டார் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படித்து இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். அவளுக்கு உறைக்கவில்லை. போன் மணி அடித்தால் மட்டும் பாய்ந்து எடுத்தாள்.

ஒரு முற்பகலில் தெரியாத எண் வந்தது.

"அக்கா, நான்தான்."

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "நல்லா இருக்கியா? பொண்ணு?"

"பக்கத்துலதான் இருக்கா, பல்லு ஆடுதுன்னு அழுதுட்டு. அன்னைக்கு ஸ்கூல்லேர்ந்து நேரா பஸ் ஏறிட்டோம். மாத்துத் துணிகூட எடுக்கல. கடைக்காரம்மா இப்பதான் சொன்னாங்க, அவர் வந்தாராம். கையில போட்டோவோட, பஸ் ஸ்டாண்டுல. ஆனா நாங்க கிளம்பினதுக்கு மறுநாள் சாயங்காலம்தான் வந்திருக்கார். ஏன் உடனே வரலன்னு தெரியலக்கா. அவர் அப்படி யோசிக்கிற ஆளே இல்ல."

பெரும்புள்ளிக்குத் தன் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. தன்னால் ஓடியவளிடம் தன்னால் தப்பினாய் என்று எந்த வாயால் சொல்வது?

"என்னை மன்னிச்சிடும்மா" என்றாள் கடைசியில்.

"விடுங்கக்கா. இந்த ஊர் கொஞ்சம் பெரிசு. நீங்க பயந்துட்டே இருப்பீங்கன்னு தெரியும், அதான் கூப்பிட்டேன். நாங்க இப்ப எங்க இருக்கோம்னா..."

"வேண்டாம்!" அவள் போட்ட சத்தத்தில் கணக்குப் பிரிவுக்காரர் தலையைத் தூக்கினார். "சொல்லாதம்மா. எனக்கும் சொல்லாத."