தூக்கம் — காண்க: கனவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பெட்டியோடு வீட்டுக்கு வந்து இறங்கியது. பெட்டியைத் தூக்கி வந்தவள் என் அக்கா. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களைத் தேட உதவும் அட்டைகளை எழுதும் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"உன் மாமாகூட இனிமே ஒரே வீட்டுல இருக்க முடியாதுடா."

"அப்படி என்ன பண்ணிட்டார்?"

"என் கார்டை அழிச்சிட்டார்."

நான் சிரித்துவிட்டேன். அன்று முழுவதும் எனக்குக் காபி கிடைக்கவில்லை. அக்கா என் அறையைப் பிடித்துக்கொண்டாள். நான் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பழி வாங்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

2

காலையின் பொன்னொளி அந்தப் பழைய நூலகத்தின் ஜன்னல்கள் வழியே

(அடித்துவிட்டேன். பின்னால் நின்று படித்த அக்கா, "எங்க பிரிவுல ஜன்னலே கிடையாது" என்றாள்.)

அந்த நூலகத்தில் ஆயிரமாயிரம் இழுப்பறைகள் மௌனமாக

("மௌனமா? இழுத்தா கிறீச்சுனு ஊரையே எழுப்பும்." அதையும் அடித்தேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஒரே பிரிவில் அக்காவுக்குக் காலை முறை, மாமாவுக்கு மாலை முறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தூக்கத்தையும் கனவையும் பற்றிய புத்தகங்களை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதுதான் தகராறு. அக்கா அவற்றின் அட்டைகளைக் 'கனவு' இழுப்பறையில் வைப்பாள். தூக்கத்தைத் தேடி வருகிறவர்கள் திண்டாடக் கூடாதென்று, 'தூக்கம்' இழுப்பறையில் ஒரு வழிகாட்டி அட்டை: 'தூக்கம் — காண்க: கனவு'. மாலையில் மாமா எல்லாவற்றையும் அள்ளித் 'தூக்கம்' இழுப்பறைக்கு மாற்றிவிட்டு, 'கனவு' இழுப்பறையில் தன் வழிகாட்டி அட்டையை வைப்பார்: 'கனவு — காண்க: தூக்கம்'. காலையில் அக்கா மறுபடி அள்ளுவாள்.

ஆனால் ஒருவர் கைப்பட எழுதிய வழிகாட்டி அட்டையை இன்னொருவர் எடுத்ததில்லை. அது மரியாதையில்லை என்பது அந்தப் பிரிவின் வழக்கம். மாணவர்கள்தான் இரண்டு இழுப்பறைக்கும் நடந்து நடந்து தேய்ந்தார்கள். ஒருநாள் அக்கா, "யார்தான் அந்த ஆளுன்னு பாத்துடறேன்" என்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் கல்யாணம்.

3

இப்போது அட்டைகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். இரண்டு வழிகாட்டி அட்டைகளும் ஏறின. மனிதனென்றால் சலித்துப்போய் அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பான். கணினிக்கு ஏது சலிப்பு? தூக்கத்திலிருந்து கனவுக்கும், கனவிலிருந்து தூக்கத்துக்கும் சுற்றிச் சுற்றி வந்து, தேடலே மொத்தமாக நின்றுபோனது. திருத்தும் பொறுப்பு மாமாவிடம் இருந்தது. அவர் ஒன்றை அழித்தார். அக்காவுடையதை.

"ஒண்ணைத்தானே அழிக்கணும். அவரோடதை அழிச்சிருக்கலாம்ல?" என்று கேட்கும்போது அக்காவின் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

4

மாமாவை வில்லனாக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. கடன் வாங்கிய பேனாவுக்குக்கூட மூடி தேடிப் போட்டுக் கொடுக்கிறவர். அவருக்கு ஒரு முறுக்கு மீசை வைத்தேன், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் இப்படி முடித்தேன்:

அவள் திரும்பிப் போகவில்லை.

(எனக்கே பிடிக்கவில்லை. என் அறை என்ன ஆவது?)

5

அன்று மாலை மாமாவே வந்தார். அவர் குரல் கேட்டதும் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏன் மாமா அவ கார்டை அழிச்சீங்க?"

"ஒரேயடியா அழிக்கணும்னு நினைக்கல மாப்ளே. காலைல வந்து மாத்திடுவான்னு நினைச்சேன். எப்பவும் மாத்துவாளே."

"கணினில அழிச்சா அழிச்சதுதானே?"

"அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது." மூடிய கதவின் பக்கம் திரும்பினார். "அவ மாத்தாம விட்ட முதல் காலை அது. என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

மாமா என் திரையில் இருந்த கடைசி வரியைப் படித்தார். "நான் ஒரு வரி சேக்கலாமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தட்டிவிட்டுப் போய்விட்டார். என் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே இப்படி இருந்தது:

அவள் திரும்பிப் போனாள்.

6

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் மூன்றாவதாக ஒரு வரி. எழுதியது அக்கா. என் வரியையும் அழிக்கவில்லை, மாமாவின் வரியையும் அழிக்கவில்லை.

அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போவாள்? மாலை அவர் மறுபடியும் வந்தார்.

வந்தார். ஒரு வரி எழுதினார். காலையில் இவள் ஒன்று எழுதினாள். இப்படியே போகிறது. என் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. அறையும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் நேற்று மாமா எழுதிக்கொண்டிருந்தபோது, அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

உங்களுக்கும் ஒரு முடிவு எழுத ஆசையிருந்தால் வாருங்கள். காலையிலும் மாலையிலும் வேண்டாம், அந்த நேரங்களுக்கு ஆள் இருக்கிறது. மதியம் நாற்காலி காலிதான். ஏற்கெனவே இருக்கும் வரிகளில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.