நிற்காத காரும் பட்டன் டப்பாவும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பழைய கார், சாவியை உருவிய பிறகும் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் முதல் வாரத்திலேயே தீர்ந்தது. கார் அதைப் பொருட்படுத்தவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார்கள். ம்ஹூம். மறுபடி மாட்டிவிட்டார்கள்.

எல்லாம் அவருடைய மைத்துனன் கைவேலை. அவன் எலக்ட்ரீசியன். அதற்கும் ஒன்பது வருடம் முன்பு, அக்காவின் புதுவீட்டுக்கு ஆசை ஆசையாக அவனே ஒயரிங் செய்து கொடுத்திருந்தான். சமையலறை விளக்கைப் போட்டால் படுக்கையறை விசிறி சுற்றியது. "உனக்கெல்லாம் யாருப்பா டெஸ்டரைக் குடுத்தது?" என்று கடைக்காரர் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். ரோஷக்காரன், அன்று படியிறங்கியவன் திரும்பவே இல்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. நடுவில் கிடந்து தவித்தவள், தையல்காரியான அக்காதான். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

பிறகு கார் வாரத்துக்கு மூன்று முறை படுக்க ஆரம்பித்தது. தெரிந்த மெக்கானிக்குகள் எல்லாரும் கையை விரித்தபின் அக்கா சொல்லியனுப்பினாள். தம்பி வந்தான், மாமாவின் முகத்தைப் பார்க்காமல் நேரே பானெட்டைத் திறந்தான். என்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்நேட்டரைக் கழற்றித் தேய்ந்த பிரஷ்களை மாற்றினான், கருகிய ஒயர்களைப் பிடுங்கிப் புதிதாக இழுத்தான். மீட்டர் பதினாலைத் தொட்டது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரில் ஒரு டயோடு மட்டும் பாக்கி. மிளகளவு சாமான், கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும். அது இல்லையென்றால் சாவியை எடுத்தாலும் ஆல்டர்நேட்டரின் கரண்ட் திரும்பி வந்து என்ஜினை ஓட்டிக்கொண்டே இருக்கும். இங்கேதானே வைத்தேன் என்று தம்பி தரையெல்லாம் தடவினான். அக்கா அதன்மேல் காலை வைத்து நின்றுகொண்டிருந்தாள். வேலை முடிந்தால் கிளம்பிவிடுவானே, அப்புறம் இன்னும் எத்தனை வருடமோ! டயோடு அவளுடைய பட்டன் டப்பாவுக்குள் போயிற்று. அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகத் தம்பி சொன்னான்.

சொன்னபடி வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். தெருக்காரர்கள் ஒரு மாதம் சத்தம் போட்டார்கள், பிறகு பானெட் சூட்டில் ஈரத்துணி காயப்போட்டார்கள். ஒரு திருடன்கூட வந்து, வண்டிக்குள் ஆள் இருப்பதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். மாமா முதல் வருடம் டார்ச் மட்டும் பிடித்தார், இரண்டாம் வருடம் யோசனை சொன்னார், மூன்றாம் வருடம் மைத்துனன் கைகழுவி வரும்வரை சோற்றில் கைவைக்காமல் காத்திருந்தார். விசிறியை மட்டும் யாரும் தொடவில்லை.

போன ஞாயிறு, குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது என்றான் தம்பி. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து டயோடை நீட்டினாள். "நான்தான்டா ஒளிச்சு வெச்சேன்," என்று அழுதுவிட்டாள்.

தம்பி மீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைக்காரர்தான் பேசினார்.

"இது எந்தக் கடையில கேட்டாலும் கை நிறையத் தருவான். அவனுக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா? உள்ள கொண்டுபோய் வை."

தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தான். பதினாலு.

"இன்னும் சரியாகல, மாமா."

"அதானே. அடுத்த வாரம் பாப்போம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டாள். படுக்கையறையில் விசிறி சுற்றியது.