பதினாலாம் படுக்கைக்கு ஒரு செய்தி

அந்த மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். லினக்ஸில் ஒரு தொகுப்பை, அதாவது ஒரு புரோகிராமை, நீக்கச் சொன்னால், கூடவே எவையெல்லாம் போகும் என்று பட்டியல் போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். படிக்கத்தான் காட்டுகிறது. இவளோ பட்டியல் ஓடி முடிவதற்குள் சம்மதத்துக்கான ‘ஒய்’ விசையைத் தட்டியிருப்பாள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் சம்மதம் சொல்லியிருக்க மாட்டாள் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. யாரும் சீந்தாத ஒரு பழைய தொகுப்பை நீக்கினாள். அதோடு சேர்ந்து வந்தவை, இனி எதற்கும் வேண்டாதவை என்று நாற்பத்தொரு பெயர்கள் திரையில் ஓடின. வழக்கம்போலத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

அன்று மதியம் பதினாலாம் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனார். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பரிசோதனைக்கூடத்தில் ஒன்பதரைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். வார்டுக்கு மட்டும் தகவல் போகவில்லை. அனுப்ப வேண்டியவன் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை.

அதற்கு அரை மணி நேரம் முன்னால் தம்பி அவள் அறைக்கு வந்து நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

“அக்கா, நான் அனுப்பினேன். அனுப்பியாச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டுச்சு. நீயே பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

“பாக்குறேன். நீ போய்க் கொஞ்சம் முகம் கழுவு.”

அவன் போனதும், சர்வரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தொன்றில் இருபத்தாறாவது பெயர், வார்டு போன்களுக்கு அவசரச் செய்தி அனுப்பும் தொகுப்பு. எந்தத் தொகுப்புக்கு எது வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எந்த மனிதருக்கு எது வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளை வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே நேரமும் அவள் பெயரும் இருந்தன.

உண்மையைச் சொன்னால் தம்பி தப்பிப்பான், இவள் போவாள். பதிவேட்டில் அந்த இடத்தை அழித்தாள். தொகுப்பை மறுபடி நிறுவினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, நடுவில் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்றால் இரண்டு பேருமே பிழைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விசாரணை அறையில் பெரிய டாக்டர், வார்டு நர்ஸ், தம்பி, இவள். நால்வர்தான்.

“அந்தச் செய்தி அனுப்புற புரோகிராம் ஓடுதாம்மா?”

“ஓடுது சார்.”

“நேத்தும் ஓடுச்சா?”

நெட்வொர்க் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். நெட்வொர்க் என்றால் அடுத்து அதன் பதிவேட்டைக் கேட்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஓடுச்சு சார்,” என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்ப தம்பி அனுப்பல. வேற என்ன சொல்ல இருக்கு?”

தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேஜையைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

பதினொன்றேகாலுக்கு நர்ஸின் பையில் வார்டு போன் அலறியது. சாதாரண மணி இல்லை, அவசரத்துக்கென்றே வைத்த நீண்ட ஊளை. நர்ஸ் பதறி எடுத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

“சார்... பதினாலாம் படுக்கைன்னு வருது. பொட்டாசியம் ஏழு புள்ளி எட்டு, உடனே கவனிக்கவும்னு.” அவள் குரல் இறங்கியது. “அனுப்பின நேரம் நேத்து ஒம்பது முப்பத்திரண்டு.”

தொகுப்பை நீக்கினால் புரோகிராம்தான் போகும். வரிசையில் சேர்ந்ததுமே அனுப்பியாச்சு என்று ஸ்கிரீன் காட்டிவிடும்; அதற்காகக் காத்திருக்கும் செய்திகள் டிஸ்க்கிலேயே கிடக்கும். புரோகிராம் திரும்பி வந்ததும் தேங்கியவற்றை எடுத்து ஒவ்வொன்றாக, மெதுவாக அனுப்பும். இது அவளுக்குத் தெரியாததல்ல. பட்டியலைப் போலவே இதையும் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தாள்.

போன் அலறிக்கொண்டே இருந்தது. பார்த்துவிட்டோம் என்று அழுத்தும்வரை அது நிற்காது. நர்ஸுக்கு அழுத்தக் கை வரவில்லை.

“அக்கா,” என்றான் தம்பி, மெதுவாக. “அந்தப் புரோகிராமை எப்ப மறுபடி போட்ட?”