அம்மன் முகத்தில் செம்பு

தொட்டியிலிருந்து தூக்கியபோது அம்மனின் முகம் சிவந்திருந்தது.

பட்டறைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று சின்னப்பையன் நினைத்தான். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தான். பித்தளையின் மஞ்சள் எங்குமே இல்லை. நெற்றி, கன்னம், மூக்குத்தி எல்லாம் கடையில் தொங்கும் புதுச் செப்புக்குடத்தின் நிறத்தில் இருந்தன.

அயனம்பாக்கம் ஏரிக்கரை அம்மனின் முகக் கவசம் அது. மறுநாள் ஆடி ஞாயிறு, கோயிலில் கூழ் ஊற்றும் நாள். அதனால் இன்றைக்கு மாலை விளக்கு வைப்பதற்குள் கவசம் சந்நிதிக்குத் திரும்பியாக வேண்டும்.

வழக்கமாக அதைத் தர்மகர்த்தா ஜம்புலிங்கத்தின் வீட்டில்தான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். எண்ணெயும் புகையும் படிந்து, கொஞ்ச காலமாகப் புளிக்கு அது மசியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் சின்னப்பையனுக்கு வேலை. கோயில் வாசலில் பேச்சோடு பேச்சாக, "எங்க கம்பெனி ஆசிட்ல ஒரு முக்கு முக்குனா தங்கமா ஆயிடும் நைனா" என்று சொல்லிவிட்டான். ஜம்புலிங்கம் தயங்கினார். பந்தல் கட்டவும் கூழுக்கு விறகு பிளக்கவும் சின்னப்பையனின் தெருக்காரர்களைக் கூப்பிடுவார்கள். அம்மனின் சாமான் எதையும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. "சரி, எடுத்துகினு போ" என்று அவர் சொன்னபோது பக்கத்தில் நின்ற இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சின்னப்பையனின் மனைவி பூங்காவனம் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "அம்மா மொகம் எங்க ஊட்லதான் கீது, தெரிமா?"

இப்போது அந்த முகத்தைப் பார்க்கவே சின்னப்பையனுக்குப் பயமாக இருந்தது.

எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடிப் புளி வாங்கிவந்து தேய்த்தான். சிவப்பு போகவில்லை. முன்பைவிடப் பளபளத்தது.

"இன்னாய்யா பண்றே? கொழம்பு வெக்கிறியா?"

ஃபோர்மேன் ரகுநாதன் பின்னால் நின்றிருந்தார். வெளிவேலையைப் பட்டறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். சின்னப்பையன் எதையும் மறைக்காமல் சொன்னான். ரகுநாதன் கவசத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எதுல கட்டித் தொங்கவிட்டே?"

"கம்பிலதான் சார்."

"எந்தக் கம்பி?"

"போல்ட் கட்டுற இரும்புக் கம்பி. செப்புக் கம்பி ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிட்டாங்க."

ரகுநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "வாரம் பூரா ஒயர் மாட்டுற பித்தளை டெர்மினல் முக்குன தொட்டிய்யா இது! நீலம் பாரிச்சிக் கெடக்குதே, கண்ணு தெரில? பித்தளைலேர்ந்து கரைஞ்ச செம்பு அத்தனையும் இதுலதான் கீது. இரும்பு உள்ள போனா ஆசிட் இரும்பைத் தின்னும், கரைஞ்சிருக்கிற செம்பு வெளிய வந்து பித்தளை மேல குந்திக்கும். அம்மனுக்கு நீ செப்பு முலாம் போட்டுட்டே!"

"போயிடுமா சார்?"

"மேலாக்கத்தான் கீது. பாலிஷ் சக்கரத்துல குடுத்துத் தேய்ச்சா மூக்கு, கண்ணு எல்லாம் மழுங்கிப்போயிடும். நிக்கல் தொட்டிக்கு ஊத்துற பெராக்சைடு கீது இல்ல, அதைப் புது ஆசிட்ல கலந்து முக்குனா செம்பு மட்டும் கரையும்னு சொல்வாங்க. நான் பண்ணது இல்ல. வேற ஒரு பித்தளைல பார்த்துட்டுத்தான் இதைத் தொடணும்."

வேறு பித்தளை எதுவும் பட்டறையில் இல்லை. டெர்மினல்கள் எல்லாம் முந்தின நாளே லாரியில் போய்விட்டன.

அந்த நேரத்தில்தான் வாசலில் மொபெட் வந்து நின்றது. மாலை வருவதாகச் சொன்ன ஜம்புலிங்கம் மதியமே வந்துவிட்டார். ஒளித்து வைக்க நேரம் இல்லை. மேஜைமேல் கிடந்த முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா செவந்துட்டாடா" என்றார். "கோயில்ல நின்னவனுங்க அன்னிக்கே சொன்னானுங்க, குடுக்காதேன்னு. நான்தான் கேக்கல. கோவம் வந்துடுச்சு அம்மாவுக்கு."

இந்த வார்த்தை ஊருக்குள் போனால் கவசம் பிறகு மஞ்சளானாலும் பயனில்லை. சின்னப்பையனின் கை பட்டதால் அம்மன் சிவந்தாள் என்பதுதான் நிற்கும். அவன் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

"கோவம் இல்ல நைனா. தப்பு என்னுது. கம்பியை மாத்திக் கட்டிட்டேன்."

"கம்பிக்கும் அம்மா மொகத்துக்கும் இன்னாடா சம்பந்தம்?"

சின்னப்பையன் பதிலுக்கு அவர் இடுப்பைப் பார்த்தான். வேட்டி மடிப்பில் சுண்ணாம்பு டப்பி துருத்திக்கொண்டிருந்தது.

"நைனா, அது பித்தளைதானே?"

"எங்கப்பா வெச்சிருந்தது. ஏன்?"

"ஒரு நிமிஷம் குடு."

ஜம்புலிங்கம் ரகுநாதனைப் பார்த்தார். ரகுநாதன் தலையாட்டினார். டப்பியைக் கழுவி, அதே இரும்புக் கம்பியில் கட்டி, அதே தொட்டியில் சின்னப்பையன் இறக்கினான். மூலையில் ஒட்டியிருந்த காய்ந்த சுண்ணாம்பு புஸ்ஸென்று நுரைத்தது. ஜம்புலிங்கம் ஓர் அடி பின்வாங்கினார். நுரை அடங்கியதும் கம்பியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கியபோது டப்பி சிவந்திருந்தது.

ஜம்புலிங்கம் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, இதும் மேல இன்னா கோவம் அம்மாவுக்கு?" என்றார் ரகுநாதன். "வெத்தலை ஜாஸ்தி போடுறீங்கன்னா?"

ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சின்னப்பையன் சிரிக்கவில்லை. இன்னும் பாதி வேலை மிச்சம் இருந்தது.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டை மெல்ல ஊற்றினான். ரகுநாதன் பெராக்சைடு கேனைச் சாய்த்தார். முதலில் டப்பி இறங்கியது, இந்தத் தடவை செப்புக் கம்பியில். ஸ்டோர் பூட்டை உடைக்கச் சொன்னவர் ரகுநாதன்தான். சிவப்பு மேல் பொடிக்குமிழி படர்ந்தது. விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது அகலமாகி டப்பி முழுவதும் பரவியது. ரகுநாதன் நகத்தால் சுரண்டிப் பார்த்து, அரிப்பு இல்லை என்றார்.

"அம்மாவை இறக்கு" என்றார் ஜம்புலிங்கம்.

சின்னப்பையன் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு கவசத்தை இறக்கினான். நெற்றி முதலில் மஞ்சளானது. பிறகு கன்னம். மூக்குத்தி ஓரம் மட்டும் சிவப்பு பிடிவாதமாக நின்றது. அவன் கம்பியை லேசாக ஆட்டினான். அதுவும் போனது. தண்ணீரில் அலசி, சோடா கரைசலில் முக்கி, மறுபடி அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றினான். எண்ணெயும் புகையும் படிந்து மூடிப்போயிருந்த புருவக் கோடுகூட இப்போது தெரிந்தது.

சின்னப்பையன் வாசல் படியில் உட்கார்ந்தான். அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பூட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் ரகுநாதன். "கூழு மட்டும் ஒரு தூக்குல வரணும்."

ஜம்புலிங்கம் மஞ்சள் துணியை விரித்துக் கவசத்தைச் சுற்றினார். மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிட்டு, மூட்டையைச் சின்னப்பையனிடம் நீட்டினார்.

"பின்னால குந்து. மடில வெச்சிக்கோ. கோயில் வரிக்கும் நீயே எடுத்துகினு வா."

சின்னப்பையன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். எஸ்டேட்டின் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின. வண்டி ஏரிக்கரைப் பக்கம் திரும்பியதும் எதிர்க்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.

"இன்னிக்கி நடந்தது ஊருக்குத் தெரிய வாணாம்" என்று முன்னாலிருந்து ஜம்புலிங்கம் கத்தினார்.

"சரி நைனா."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி கத்தினார். "அடுத்த வருஷத்துக்கு அந்தச் செப்புக் கம்பிய இப்பவே வாங்கி உன் ஊட்ல வெச்சிடு."