நாயனம் வாசித்த மாப்பிள்ளை

உலகத்தில் ஒருபோதும் நிற்காதவை இரண்டே இரண்டுதான். ஒன்று காலம், இன்னொன்று நல்லதம்பி கைவைத்த எஞ்சின். ஆலங்குடி டீக்கடையில் நல்லதம்பியே இதைப் பலமுறை அறிவித்திருக்கிறார். மறுத்துப் பேசியவர் யாருமில்லை. பேசினால் அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த எஞ்சின்தான் அன்று காலை, மூன்றாம் தடவையாக, ஆகாயத்தில் நின்றது.

அது அறுபத்து நாலாம் வருஷம். மானாவாரிக் கடலை முழுவதும் கம்பளிப்பூச்சி. மருந்து தெளிக்க ஒரு கம்பெனி சின்ன விமானம் ஒன்றைக் கொண்டுவந்து பொட்டலில் இறக்கியிருந்தது. ஓட்டுகிறவன் சந்தனம். அவனுக்குத்தான் தன் தங்கை உண்ணாமலையைக் கட்டிக் கொடுத்திருந்தார் நல்லதம்பி. மாப்பிள்ளை மேலே ஓட்ட, மச்சான் கீழே எஞ்சினைப் பார்க்க என்று குடும்பமே தொழிலில் இருந்தது.

தெளிப்பு பனைமர உயரத்தில் நடக்கும். எஞ்சின் இரண்டு மூச்சு நிற்கும், இருமும், ஓடும், மறுபடி நிற்கும். அந்த உயரத்தில் யோசிக்க நேரமில்லை. பனைமரத்துக்கும் விலகி வழிவிடும் பழக்கமில்லை. அன்று சந்தனம் சின்னப்பிள்ளை என்கிற அம்மாளின் வரப்பில் சக்கரம் மோதித்தான் பொட்டலுக்கு வந்து சேர்ந்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது.

நல்லதம்பி சும்மா இருந்தவரல்ல. முதல் தடவை பிளக்குகளை மாற்றினார். இரண்டாம் தடவை பிளக்குக்குப் பொறி தருகிற மாக்னெட்டோவைக் கழற்றிப் பூட்டி, பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று வடிகட்டியும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டாங்கி மூடியைத் திறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குச்சி விட்டு அளவு பார்த்து, எஞ்சினைக் கிளப்புவார். அது அரைமணி நேரம் சுகமாக ஓடும். ஆகவே கோளாறு எஞ்சினில் இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் என்று முடிவு கட்டி, அதைக் கடலைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியும் வைத்திருந்தார்.

இன்றைக்கும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளை பறவையைக் கண்டு மிரண்டு கையை எடுத்திருப்பார் என்றார்.

சந்தனம் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான்.

“மச்சான், செத்தேன்னு நெனச்சேன். ஒங்க தங்கச்சி மொகந்தான் வந்துச்சு.”

நல்லதம்பி சிரிக்கப் பார்த்தார். சந்தனம் விடவில்லை.

“வந்த புதுசுல தெனம் காலையில டாங்கியோட காத்துக் குழாய்ல வாய வச்சு ஊதிப் பாத்தேன். மாப்பிள்ள நாயனம் வாசிக்கிறாருன்னு இத்தன பேரு முன்னாடி சிரிச்சீங்க. வெக்கப்பட்டு விட்டுட்டேன். இன்னும் என்னென்ன விடணும்? உசுரையுமா?”

“நாயனத்த நாயனமின்னுதான் சொல்லணும்” என்றார் நல்லதம்பி.

சின்னப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. “ஏப்பா, நீங்க மாமன் மச்சான் சண்டையப் போட்டு முடிக்கிறதுக்குள்ள பூச்சி என் கடலையத் தின்னு முடிச்சிரும் போலருக்கே.”

சாயங்காலம் மறுபடி ஏறுவதாகச் சந்தனம் அந்த அம்மாளிடம் சொன்னான். திரும்பி வராவிட்டால் உண்ணாமலைக்கு மச்சானே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்றும் சொன்னான்.

நல்லதம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. இப்பவே ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று இறக்கையில் ஏறி மூடியைத் திருகினார்.

உஸ் என்றது டாங்கி.

ஒவ்வொரு தடவையும் அது உஸ் என்றுதான் சொன்னது. தமக்குக் காட்டும் மரியாதை என்று இதுவரை எடுத்துக்கொண்டிருந்தார். இன்று கீழே மாப்பிள்ளையின் உதட்டில் ரத்தம் இருந்ததால் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அது அந்தக் காற்றுக் குழாய் வழியாகத்தான் வரவேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தால், எந்த எஞ்சின்தான் ஓடாது?

வேடிக்கை பார்க்க இதென்ன தேரா, எல்லாரும் போய்ச் சோறு தின்னுங்க என்று கத்தினார். சின்னப்பிள்ளை திட்டிக்கொண்டே போனாள். சந்தனம் வாய் கழுவப் பம்புசெட்டுப் பக்கம் போனான்.

நல்லதம்பி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, இறக்கைக்கடியில் மல்லாந்து படுத்து, சுண்டுவிரல் பருமனிருந்த குழாயில் வாயை வைத்தார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. காற்று போகவில்லை.

கம்பியை விட்டுக் குடைந்தார். குளவி கட்டிய மண்கூடு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. குளவி தன் குஞ்சுக்கென்று அடைத்து வைத்திருந்த பச்சைப் புழு ஒன்று அவர் மீசையில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு, மறுபடி குழாயில் வாயை வைத்து, மூச்சுத் தீரும்வரை மெதுவாக ஊதினார்.