செத்த பின்னும் நார்பர்ட் சொன்ன கருத்துகள்

நார்பர்ட் க்ளாஸனை மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் புதைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் வழக்கம்போல உள்ளூர் வானொலியில் பேசினார். பழைய ஒலிப்பதிவு என்று தள்ளிவிட வழியில்லை. அன்று காலைதான் வாஷிங்டனில் அறிவித்திருந்த இறக்குமதி வரியைப் பற்றி, அதனால் கறவை இயந்திரத்துக்கு என்ன விலை கூடும் என்பது வரைக்கும் பேசினார். நிலையத்தின் முதலாளி டெல்மர் ரூட் ஓடிப்போய் அறையைத் திறந்து பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. மைக்கின் இணைப்பைப் பிடுங்கினார், குரல் நிற்கவில்லை. விளம்பரம் தருகிற டிராக்டர் கடைக்காரர், கேட்கிறவர்கள் கேட்கிறவரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். டெல்மர் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

விஸ்கான்சினின் மேற்குக் கோடியில் இருக்கும் ஓக் லேண்டிங்கில் அந்த நிகழ்ச்சியைப் பிடிக்காதவர்கள் பாதிப் பேர், கேட்காதவர்கள் யாருமில்லை. வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருநாளும் மாட்டுக்கொட்டகை கழுவாதவர்கள், கடற்கரை நகரத்துக்காரர்களுக்கு நம் மாநிலம் விமான ஜன்னலில் தெரிகிற பச்சைக் கட்டம் என்று நார்பர்ட் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவந்தார். சாவு அவருடைய கருத்து எதையும் மாற்றவில்லை. தீவன ஆலை ராய் ஹூபர் முதல் வாரமே நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, "செத்தும் நீ திருந்தலையேடா" என்றார். "நான் செத்தது செய்தியே இல்ல ராய். செனட்ல நடக்கிறதுதான் செய்தி. அதைப் பத்தி ஏதாவது இருந்தா பேசு" என்றார் நார்பர்ட். ராய் பேசினார். விளம்பர இடைவேளை வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

அவர் மனைவி ஆர்டிஸ் அடுப்படியில் நின்று கேட்டாள். அடக்கத்தன்று அவளுக்கு அழுகை வரவில்லை. தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தில் ஒரு பாத்திரத்தைச் சாப்பிட்டு, மற்றவற்றைக் குளிர்பெட்டியில் அடுக்கினாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று தடவை ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவாள். நார்பர்ட்தான் அழைத்துப் போவார். இப்போது நடந்தே போனாள். உயிரோடிருந்தபோது அவர் பேச்சையெல்லாம் மைக்கில் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மௌனமாகச் சாப்பிடுவார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை அவள் எப்போதுமே ஊரோடு சேர்ந்து நாலு மணிக்குத்தான் தெரிந்துகொண்டாள். ஆகவே பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்று அவளுக்குப் பட்டது. என்றாலும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வருமோ என்று நிகழ்ச்சி முடியும்வரை வானொலியை அணைக்காமல் வைத்திருந்தாள். வரவில்லை.

ஒரே மகள் ஜோலீன் மாநிலத் தலைநகர் மேடிசனில் பள்ளி ஆசிரியை. ஒரு தேர்தல் வருஷத்து நன்றியறிதல் நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கும் மகளுக்கும் வாய்த்தகராறு முற்றி, அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான். ஆறு வருஷம் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை; சாலையில் பனி என்றாள். சாலை சுத்தமாகத்தான் இருந்தது. மே மாதம் ஒரு புதன்கிழமை அவள் நிகழ்ச்சிக்குப் போன் செய்தாள்.

"மேடிசன்லேர்ந்து ஜோலீன் பேசுறேன்."

"மேடிசனா? அங்க பாலை விட போராட்டம் மலிவாச்சே. சொல்லுங்க."

அவள் சொன்னாள். பண்ணைகளில் பால் கறந்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களை முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, நாளை மாடு தானாகக் கறந்துகொள்ளுமா என்றாள். சட்டம் சட்டம்தான் என்றார் அவர். ஆர்டிஸ் கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு இரண்டு குரலும் அந்த அடுப்படியில் ஒன்றாகக் கேட்டன. அதன் பிறகு ஜோலீன் எல்லாப் புதன்கிழமையும் கூப்பிட்டாள். பேசுவது மகள் என்று அவருக்குத் தெரிந்ததா என்று ஊரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

கோடையில் வாஷிங்டனில் பெரிய பட்ஜெட் சட்டம் நிறைவேறியது. ஏழைகளின் மருத்துவ உதவியில் கைவைத்தார்கள். ஊர் ஆஸ்பத்திரி, முதல் வேலையாக ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவை மூடப்போவதாக அறிவித்தது. நார்பர்ட் சட்டத்தை மெச்சினார். "கொழுப்பைத்தானே வெட்டுறாங்க" என்றார்.

"அப்பா, அம்மா உக்கார்ற நாற்காலிதான் அந்தக் கொழுப்பு" என்றாள் ஜோலீன்.

  "இப்போ வானிலை" என்றார் நார்பர்ட்.

அக்டோபரில் பிரிவை மூடினார்கள். நர்சுகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்; நாற்காலிகள் லாரியில் ஏறின. இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி லா க்ராஸுக்குப் போகவேண்டும். ஆர்டிஸுக்குக் கண் மங்கி வண்டி ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று. அன்று மாலை அவள் நிகழ்ச்சிக்குப் போன் செய்தாள்.

"நான் ஆர்டிஸ்."

"சொல்லுங்கம்மா. எந்த ஊர்லேர்ந்து?"

"இந்த ஊர்தான், நார்பர்ட்."

"நல்லது. நாட்டு நடப்பைப் பத்தி உங்க கருத்து என்ன?"

அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல" என்றாள்.

"அது கருத்து இல்லையேம்மா."

"இல்லதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வருத்தம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. கிழங்கு வெந்துவிட்டிருந்தது. உப்புப் போடாமல் தின்றாள்.

மறுநாள் காலை வாசலில் ஜோலீன் இரண்டு பெட்டிகளோடு நின்றாள். "காப்பி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பள்ளியில் ஒரு வருஷ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆர்டிஸ் காப்பி போட்டாள். வான்கோழிப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை, ஆறு வருஷத்தையும் எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுதும் வாரத்துக்கு மூன்று தடவை லா க்ராஸுக்குப் போய்வந்தார்கள். திரும்புகிற நேரம் நாலு மணியாகிவிடும். ஓக் லேண்டிங் நிலையம் வழியில் இருக்கும் மலைகளுக்கு அப்பால் எடுக்கவே எடுக்காது. ஆனாலும் காரில் எடுத்தது. போகப்போக ஜோலீன் போனைத் தொடுவதையும் விட்டுவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பதில் சொல்வாள். அவரும் பதிலுக்குப் பதில் கொடுப்பார். பட்ஜெட் தகராறில் அரசாங்க அலுவலகங்கள் மூடிக் கிடந்தது, முட்டை விலை, நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்றையும் விடமாட்டார்கள். எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆர்டிஸ் களைத்து, கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவாள்.

ஜனவரியில் ஒருநாள் அவர் செனட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். "லா க்ராஸ்லேர்ந்து வர்றவங்க பார்த்து வாங்க. பெரிய வளைவு தாண்டினா பாலத்துல கண்ணுக்குத் தெரியாம ஐஸ் பிடிச்சிருக்கு" என்றார். வேறு எந்தச் சாலையையும் அவர் சொல்லவில்லை. ஜோலீன் பிரேக்கை மெதுவாக மிதித்தாள். பாலம் கண்ணாடிபோல மின்னியது; கார் ஊர்ந்து கடந்தது. அக்கரை சேர்ந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து செனட்டைத் தொடர்ந்தார். அவர் சொல்வது தப்பு என்றாள் ஜோலீன்.