சலுகை அணி

ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்ரர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டார். மீன்கடையில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று எத்தனையோ சனிக்கிழமை எனக்குக் கால் கடுத்திருக்கிறது. அந்த மனிதர்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு நடுவர். தலைப்பையும் அவரே வைத்தார்: மீன்பிடிப்பதும் வேட்டையாடுவதும் அரசியலமைப்புத் தரவேண்டிய உரிமையா, அரசு தருகிற சலுகையா?

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். ரீவியைப் போட்டால் அந்தக் கதைதான். பழைய ஒப்பந்தப்படி பழங்குடி மக்களுக்கு மீன்பிடிக்க உரிமை உண்டென்று, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொறுக்காத சிலர் கிழக்குக் கரையில் அந்தச் சனத்தின் சிங்க இறால் பிடிக்கும் கூடுகளை உடைத்துக் கடலில் தள்ளினார்கள். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்து அதைப் பார்த்து எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் பெயர் யூஜினி, மீன்பிடிச் சனத்தின் ஊரான குருநகர்க்காரி. என் மனிசன் இக்னேசியஸ் கடலுக்குப் போய்த்தான் எங்களுக்குச் சோறு போட்டவர். யுத்த நேரத்தில், கடலில் இறங்கக்கூடாதென்று கடற்படை தடை போட்டிருந்த நாட்களில் ஒருநாள் வலையோடு போனார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை.

தகப்பன் போகும்போது என் மகள் ஸ்டெபனிக்கு ஆறு வயது. பட்டிமன்ற வருடம் பதினைந்து. வாயென்றால் அப்படி ஒரு வாய். இளையோர் பட்டிமன்றம் என்றதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அவளைத் தூக்கிச் சலுகை அணியில் போட்டார்கள். தடை போட அரசுக்கு உரிமை உண்டென்று அவள் பேசவேண்டுமாம். தகப்பனை அந்தத் தடையிலே இழந்த பிள்ளை.

நான் சும்மா இருப்பேனா? ஒத்திகை நடந்த இடத்துக்கே போய் மாஸ்ரரைக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“உங்கடை ஆக்களை உரிமைப் பக்கம் விட்டால், பிள்ளை, அது பட்டிமன்றமா இராது. ஒப்பாரியாப் போயிடும்.”

உங்கடை ஆக்கள். கரையார் என்று சாதியை வாயால் சொல்லமாட்டார்கள். ‘ஊரிலை எவடம்?’ என்று கேட்பார்கள், குருநகர் என்றதும் ஒரு ‘ஓ’ போடுவார்கள், பிறகு நாங்கள் உங்கடை ஆக்கள் ஆகிவிடுவோம். விமானம் ஏறி இத்தனை தூரம் வந்தும் அந்தச் சனியன் இறங்கவில்லை. உரிமை அணியில் யார் பேசினார்கள் தெரியுமா? மார்க்கம் நகரில் பெரிய வீடு வாங்கியிருக்கும் எக்கவுண்டன்ற் ஒருவரின் பிள்ளைகள் கீதனும் சுபாங்கியும். தட்டில் கிடந்த பொரியலைத் தவிர வேறு மீனைக் கண்டிராத பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து ஸ்டெபனியை விலகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. லோயராக வரப்போகிறவள் எந்தப் பக்கமும் பேசப் பழகவேண்டுமாம். நியூபவுண்ட்லாந்தில் ஆளாளுக்கு அள்ளித்தானே கொட் மீன் இல்லாமல் போனது, அரசு மறிக்காமல் வேறு யார் மறிப்பது என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். மீன் அழியாமல் மறிப்பது வேறு, சனத்தைப் பட்டினி போட மறிப்பது வேறு என்று கத்தினேன். “அது நல்ல பொயின்ற், அம்மா. ஆனால் அதை மற்ற ரீம்தான் சொல்லவேணும்” என்றாள். எனக்கு அவளை அடிப்பதா, என் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அழுது அழுது கடைசியில் என்னை இளக்கிவிட்டாள். இரண்டே இரண்டு சொன்னேன். எங்கள் கடலைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அப்பாவைச் சபையில் இழுக்கக்கூடாது. அவள் ஓம் என்றாள். நான் நம்பினேன்.

விழாவன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. கீதனும் சுபாங்கியும் பாடமாக்கியதை ஒப்புவித்தார்கள். பிறகு ஸ்டெபனி எழும்பினாள். கொட் மீனில் தொடங்கினாள், மான் வேட்டைக்குப் போனாள், சபையைச் சிரிக்க வைத்தாள். என் பிள்ளை என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“தடை இருக்கெண்டு தெரிஞ்சும் போறவை தங்கடை குடும்பத்தை நினைச்சுப் பாக்கிறேல்லை. என்ரை அப்பாவும் அப்பிடிப் போனவர்தான். அவர் சட்டத்தை மதிச்சிருந்தால் இண்டைக்கு எனக்கு அப்பா இருந்திருப்பார்.”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. சொந்த உதாரணம் ஒன்று வைத்தால் சபை தன் பக்கம் விழும் என்று மாஸ்ரர்தான் சொல்லிக்கொடுத்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு ஒன்றுதான் பட்டது. செத்த மனிசனைக் கூட்டிவந்து, குற்றவாளி என்று சபை நடுவில் நிறுத்திவிட்டாளே.

சலுகை அணிக்கே வெற்றி என்று மாஸ்ரர் தீர்ப்புச் சொன்னார். சிறந்த பேச்சாளர் ஸ்டெபனி. பெற்ற தாயே பரிசுக் கிண்ணத்தைக் கொடுக்கவேண்டும் என்று மைக்கில் என்னைக் கூப்பிட்டார். போனேன். கிண்ணத்தை நீட்டினார். நான் அதைத் தொடாமல் மைக்கைப் பிடித்தேன்.

இத்தனை வருடம் என் வயிற்றுக்குள் வைத்திருந்ததை, செத்தாலும் இவளுக்குச் சொல்லக்கூடாதென்று வைத்திருந்ததை, கோபம் வெளியே இழுத்துவிட்டது.

“அவர் குடும்பத்தை நினைக்காமல் போகேல்லை, ஸ்டெபனி. நிவாரண அரிசியும் பருப்பும்தான் வீட்டிலை இருந்தது. மீன் இல்லாமல் சோறு தின்னமாட்டன் எண்டு நீ சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டுக் கிடந்தனி. கரைவீட்டுப் பிள்ளை ஒரு துண்டு மீனுக்கு அழுறதோ எண்டு கேட்டுப்போட்டு வலையைத் தூக்கினவர். உனக்கு மீன் கொண்டுவரத்தான் போனவர்.”

சொல்லி முடித்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரத்தமே இல்லை. ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தேன். திருப்பி விழுங்க முடியுமென்றால் அந்த இடத்திலேயே விழுங்கியிருப்பேன்.

அப்போது ஒருவர் கைதட்டினார். பிறகு பக்கத்து வரிசை. பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. முதல் வரிசையில் சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். மாஸ்ரர் வாயெல்லாம் பல்லாக, மற்ற மைக்கை எடுத்து, எங்கடை யூஜினியிடம் இப்படி ஒரு பேச்சுத் திறமை இருக்கிறதென்று தெரியாமல் போய்விட்டதே, அடுத்த வருடம் உரிமை அணிக்கு இவரையே தலைவராகப் போடுவோம் என்று அறிவித்தார். அதற்கும் தட்டினார்கள்.

ஸ்டெபனி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“கைதட்டாதேங்கோ,” என்றாள். “அவர் என்ரை அப்பா. நான் கேட்டதாலை போனவர்.”

தட்டிய கைகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. மாஸ்ரர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.